பாக்கெட்டுக்குள் போகும் கருவிகள்: வாங்கும் முன் நான் பார்ப்பவை

சின்ன டார்ச், சாவிக்கொத்தில் தொங்கும் கத்தரி, மடக்குக்கத்தி, பேனா, பவர் பேங்க் என்று தினமும் உடம்போடு கூடவே வரும் பொருள்கள்மீது எனக்குப் பல வருடங்களாகத் தீராத ஆசை. எனக்காக வாங்கியிருக்கிறேன், பரிசாகக் கொடுத்திருக்கிறேன், உறவினர்களும் நண்பர்களும் "எதை வாங்கலாம், நீயே பார்த்துச் சொல்லு" என்று கேட்கும்போது உட்கார்ந்து தேடியும் கொடுத்திருக்கிறேன். இத்தனை காலத்தில் நன்றாகக் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சின்னப் பொருள்கள் உடைந்து வீணாவது குறைவு. தீனி கிடைக்காமல் சாவதுதான் அதிகம். அதற்கான பேட்டரி எங்கும் கிடைக்காது, ரீஃபில் வருவது நின்றுபோகும், கூடவே வந்த சார்ஜர் தொலைந்துவிடும், பொடித் திருகு ஒன்று கழன்று எங்கோ விழுந்துவிடும். பொருள் மட்டும் மேசை இழுப்பறையில் புதுசு போலவே கிடக்கும். அதனால் ஒரு கருவி என்னென்ன செய்யும் என்று பார்ப்பதற்கு முன்னால், எதைத் தின்று உயிர் வாழும் என்று பார்க்கிறேன்.

அதற்கும் முன்னால் இடம். திரையில் படத்தைப் பார்த்தால் அளவு பிடிபடாது. நீளம், அகலம், தடிமன், எடை நான்கும் விவரப் பட்டியலில் இருக்கும். அட்டையை அந்த அளவுக்கு வெட்டி, அதே எடை வரும்படி சில்லறைக் காசுகளை வைத்து ஒட்டி, இரண்டு மூன்று நாள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்து பாருங்கள். உட்கார்ந்தால் தொடையில் குத்துகிறதா, குனிந்தால் சட்டைப் பாக்கெட்டிலிருந்து நழுவுகிறதா, போனை எடுக்கும்போது கூடவே வெளியே வருகிறதா என்பதெல்லாம் வாங்காமலேயே தெரிந்துவிடும். விக்டோரினாக்ஸின் கிளாசிக் எஸ்டி என்ற குட்டி மடக்குக்கத்தி மூடிய நிலையில் 58 மில்லிமீட்டர் நீளம், எடை 21 கிராம். குறடும் கத்தியும் சேர்ந்து மடங்கும் லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். இரண்டுமே அருமையான கருவிகள்தான். ஒன்று சாவிக்கொத்தில் இருப்பதே தெரியாது. மற்றதற்கு இடுப்பில் ஓர் உறை வேண்டும். இடுப்பில் உறை மாட்டும் பழக்கம் இல்லாதவர் அந்த 241 கிராமை இரண்டாவது வாரமே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவார்.

சாவிக்கொத்தின் எடையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தபோது, பழுது பார்க்கும்வரை சாவி வளையத்தில் சாவியைத் தவிர வேறு எதையும் மாட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னது. அந்த இக்னிஷன் சுவிட்ச், கொத்தின் பாரத்திலும் ஆட்டத்திலும் தானாகவே திரும்பி, ஓடும்போது என்ஜினை அணைத்துவிடும் அபாயம் இருந்தது. கோளாறு சுவிட்சில்தான். ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து வண்டிச் சாவியைத் தனியாகவும், கருவிகளை இன்னொரு வளையத்திலும் வைத்து, நடுவில் எளிதில் கழற்றும் கொக்கி ஒன்றைப் போட்டிருக்கிறேன். டார்ச் தேவைப்படும்போது வண்டியை அணைக்காமலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது, அது தனி வசதி.

சரி, டார்ச்சுக்கு வருகிறேன். எண்களை வைத்து ஆளை மயக்குவது இங்கேதான் அதிகம். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது லூமன். டார்ச்சிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம் அது. அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. லூமன் ஒன்றாகவே இருக்கும் இரண்டு டார்ச்சுகளில் ஒன்று அறை முழுக்க மெதுவாகப் பரவும், இன்னொன்று தூரத்து மரக்கிளையைக் காட்டும். ஒழுங்கான நிறுவனங்கள் எஃப்எல்1 என்ற தரத்தின்படி அளந்து இந்த எண்களைப் போடுகின்றன. அமெரிக்காவில் 2009இல் வந்த தரம் அது. அதில் 'வீச்சுத் தூரம்' என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை உள்ள தூரம் (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). தெளிந்த வானத்தில் முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரியலாம். யார் என்று தெரியாது. பாதித் தூரம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தரத்தில் எனக்குப் பிடித்தமான சங்கதி ஒன்று இருக்கிறது. கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வீச்சுத் தூரம் மீட்டரில் வந்துவிடும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 2,500 என்றால் 100 மீட்டர். இரண்டு எண்களும் பட்டியலில் இருந்தால் கால்குலேட்டரை எடுத்து ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவேன். ஒத்துப்போகவில்லையா, அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எண்களையும் நான் நம்புவதில்லை. கேண்டெலாவே போடாமல் லூமனை மட்டும் ஐந்து இலக்கத்தில் போட்டிருக்கும் விரல்நீள டார்ச்சை, கால்குலேட்டர் இல்லாமலேயே தள்ளிவிடலாம்.

எரியும் நேரமும் அப்படித்தான், படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். எஃப்எல்1 கணக்கில், தொடக்க வெளிச்சம் 10 சதவீதத்துக்குக் குறையும்வரை ஆகும் நேரமே எரியும் நேரம். '1,000 லூமன், 3 மணி நேரம்' என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் 1,000 லூமன் வரும் என்று பொருள் இல்லை. சின்ன உடம்பில் அவ்வளவு சூட்டை வைத்துக்கொள்ள முடியாது. ஓரிரு நிமிடங்களிலேயே சர்க்யூட் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும். என் சித்தப்பா ஒரு முறை கவலையோடு போன் செய்தார்: "ஏம்ப்பா, நீ வாங்கிக் குடுத்த லைட்டு ரெண்டு நிமிஷத்துல மங்கிப் போகுதே, கோளாறா இருக்குமோ?" "இல்ல சித்தப்பா, சூடு ஏறாம இருக்க அதுவே குறைச்சுக்குது. நல்லதுதான், பயப்படாதீங்க" என்றேன். அதோடு, நேரம் போகப் போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடத்தை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் டார்ச்சைத் தேடி வாங்கச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடத்துக்கு அப்புறம் அந்தக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்த டார்ச்சின் நிஜமான வெளிச்சம்.

உச்ச வெளிச்சத்தைவிட அடிமட்ட வெளிச்சம் எனக்கு முக்கியம். நடு ராத்திரியில் தூங்குபவர்களை எழுப்பாமல் தண்ணீர் குடிக்கப் போக ஒரு லூமனே போதும். மின்சாரம் போன அறையில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து விட்டத்தைப் பார்க்க அடித்தால் 100 லூமனில் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம். எந்த நிலையில் அணைத்தோமோ அதே நிலையில் மறுபடி எரியும் வகை ஒன்று; அழுத்திப் பிடித்தால் எப்போதும் அடிமட்ட வெளிச்சத்திலேயே தொடங்கும் வகை இன்னொன்று. பாக்கெட் டார்ச்சுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அப்புறம் நிறம். நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கு நூறுக்குப் போடும் மதிப்பெண்தான் சிஆர்ஐ. அது 90க்கு மேல் என்று போட்டிருக்கும் எல்இடி நிறங்களை உள்ளபடி காட்டும். பழுப்பு வயருக்கும் சிவப்பு வயருக்கும், ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு மாத்திரைகளுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டிய நேரத்தில் அதன் அருமை புரியும். இதற்காகக் கொஞ்சம் லூமன் குறைந்தாலும் பரவாயில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. மழையில் நனைய ஐபிஎக்ஸ்4 போதும், வாளிக்குள் விழ ஐபிஎக்ஸ்7 வேண்டும்.

இனி அதன் தீனி. டபுள் ஏ, டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும் டார்ச்சுக்குப் பெரிய பலம், உலகத்தில் எங்கே போனாலும் அது கிடைக்கும். ஆனால் சாதாரண ஆல்கலைன் பேட்டரியை உள்ளே போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அலுமினிய உடம்பை அரித்து, மூடியைத் திருக முடியாமல் பிடித்துக்கொள்ளும். தினமும் கையில் இருக்கும் டார்ச்சுக்குச் சார்ஜ் தங்கும் வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போட்டுவிடுவேன். அவசரத்துக்காக வண்டியிலோ பெட்டியிலோ கிடக்க வேண்டியதற்கு ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏ. அது கசிவது அரிது, எடையும் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. 14500 என்ற பேட்டரி பார்ப்பதற்கு அச்சு அசல் டபுள் ஏ மாதிரியே இருக்கும். ஆனால் அது லித்தியம் அயான். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சிலோ, சுவர்க் கடிகாரத்திலோ, குழந்தையின் பொம்மையிலோ அதைப் போட்டால் கருவி போய்விடும், சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் ஒரே டப்பாவில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பாக்கெட்டில் சாவியோடு போட்டுக்கொள்வதும் ஆபத்து. சாவி இரு முனையையும் இணைத்துவிட்டால் நொடியில் சூடேறும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில்தான் எடுத்துப் போக வேண்டும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 வகையில் 9,900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்து விற்பார்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் நல்ல 18650களே சுமார் 3,500 எம்ஏஎச் அளவில்தான் இருக்கின்றன. எண்ணைப் பார்த்ததும் கடந்து போய்விடுங்கள்.

பேட்டரியைக் கழற்ற முடியாத டார்ச் வேண்டவே வேண்டாமா? சாவிக்கொத்தில் தொங்கும் கட்டைவிரல் அளவு டார்ச்சுக்கு அதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அவ்வளவு சின்ன உடம்பில் வேறு வழி இல்லை. முக்கியமான டார்ச் கழற்றும் வகையாகத்தான் இருக்க வேண்டும். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு சார்ஜுகளுக்குப் பின் தளர்ந்துவிடும். அந்த நாளில் பேட்டரியை மட்டும் மாற்றி, கைக்குப் பழகிய டார்ச்சை அப்படியே வைத்துக்கொள்ள முடிவது பெரிய நிம்மதி. கழற்றும் வகையில் இன்னொரு நன்மை, பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பல மாடல்களில் இணைப்பு துண்டிக்கப்படும். பைக்குள் தானாக எரிந்து துணியைச் சுடும் பேச்சே இருக்காது.

சார்ஜ் செய்யும் துளை இப்போது பெரும்பாலானவற்றில் யூஎஸ்பி-சி. ஆனால் துளையின் வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கருவியின் உள்ளே 5.1 கிலோ ஓம் அளவில் இரண்டு பொடி ரெசிஸ்டர்கள் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. அதை வைத்துத்தான் 'இங்கே ஒரு கருவி மாட்டியிருக்கிறது' என்று சார்ஜர் தெரிந்துகொண்டு மின்சாரத்தை விடும். செலவைக் குறைக்க அதை விட்டுவிடும் கருவிகள் ஏராளம். அவை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ முனையுள்ள கேபிளில் சார்ஜ் ஆகும். இரு பக்கமும் சி முனையுள்ள கேபிளில் ஆகாது. என் தம்பிக்குப் பரிசாக வந்த ஒரு சின்னக் காற்றூதி இப்படித்தான் இருந்தது. லேப்டாப் சார்ஜரில் மாட்டினால் உயிரே இல்லை, பெட்டியில் வந்த குட்டைக் கேபிளில் மட்டும் வேலை செய்தது. பயணத்துக்கு ஒரே சார்ஜர், ஒரே கேபிள் என்று வைத்திருப்பவருக்கு அந்தக் கருவி பாரம்தான். வாங்குவதற்கு முன் விமர்சனங்களில் 'சி டு சி கேபிள்' என்று தேடிப் படித்தால் யாராவது எழுதியிருப்பார்கள். வந்த அன்றே அதைச் சோதித்துவிட வேண்டும்.

பவர் பேங்க்கில் 10,000 எம்ஏஎச் என்றால், 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக நிரப்பலாம் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக மாறும்போது 7,400 எம்ஏஎச் ஆகிவிடும், மாற்றத்தில் போகும் இழப்பையும் கழித்தால் 6,000 முதல் 6,500 வரை. போனின் 5,000 எம்ஏஎச்சும் 5 வோல்ட் கணக்கு இல்லை என்பதால், போனுக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சார்ஜ் கிடைக்கும், அவ்வளவுதான். நேர்மையான நிறுவனம் இந்த வெளிவரும் அளவையும் உடம்பிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அன்றாடப் பாக்கெட்டுக்கு 5,000 எம்ஏஎச் பவர் பேங்க்கே சௌகரியம். அதைத் தினமும் எடுத்துப் போவார்கள். பெரிதை 'இன்றைக்கு எதற்கு' என்று வைத்துவிட்டுப் போவார்கள். விமானத்தில் போகிறவர் 100 வாட்-மணி வரம்பை நினைவில் வைக்க வேண்டும். அதற்குள் இருப்பது கைப்பையில் போகலாம்; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; எந்த அளவாக இருந்தாலும் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. வாட்-மணி எண் அச்சிடப்படாத பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொண்டால் கேட்க முடியாது. ஆகவே அந்த அச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கத்தியும், பல கருவிகள் ஒன்றில் மடங்கும் மல்டி டூலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியிலிருந்து வந்ததுதான் இன்று நாம் பார்க்கும் சிவப்பு ஸ்விஸ் கத்தி. டிம் லெதர்மேன் 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பா முழுக்கச் சுற்றியபோது, கையிலிருந்த சாரணர் கத்தியில் ஒரு குறடு இல்லையே என்று தவித்திருக்கிறார். அந்தத் தவிப்பு 1983இல்தான் விற்பனைக்கு வந்த கருவியாக மாறியது. இந்த இரண்டு கதையும் சொல்வது, இவற்றைச் செய்தவர்கள் குறிப்பிட்ட ஆளின் குறிப்பிட்ட வேலையை நினைத்துச் செய்தார்கள் என்பது. நாமும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வாரம், கையில் கருவி இல்லாமல் தடுமாறும் ஒவ்வொரு தடவையும் போனில் குறித்து வையுங்கள். பார்சல் ஒட்டு நாடா, நூல் பிசிறு, பாலிதீன் உறை, தளர்ந்த திருகு, விரலில் ஏறிய சிராய் என்று வரும். என் பட்டியலில் முதலில் நின்றது கத்தரி. நான் கேட்டுப் பார்த்த பெரும்பாலானவர்களுக்கும் அதுவேதான். குறடு தேவைப்பட்டவர் சைக்கிள், வண்டி, குழாய் வேலை என்று ஏதாவது செய்பவராக இருந்தார்.

ஆகவே கத்தரியைச் சோதிக்காமல் மல்டி டூல் வாங்காதீர்கள். நனைந்த டிஷ்யூ காகிதத்தை நுனிவரை வெட்ட வேண்டும். வெட்டாமல் மடித்துக் கடித்தால் அது நிறைவான கத்தரி இல்லை. ஸ்பிரிங் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்றும் பாருங்கள். விக்டோரினாக்ஸில் கத்தரி ஸ்பிரிங், சிமிட்டா, பல்குச்சி எல்லாமே தனியாக வாங்கலாம். என் கையிலிருக்கும் பழைய கத்தி இன்றும் வேலை செய்வதற்கு அதுதான் காரணம்.

திருப்புளி முனைகளில் பிஎச்2 என்ற பிலிப்ஸ் (கூட்டல் குறி வடிவ) அளவுதான் வீட்டுத் திருகுகளில் அதிகம். பொம்மை, ரிமோட் மூடிகளுக்கு பிஎச்0, பிஎச்1. முனை மாற்றும் வகை என்றால் 6.35 மில்லிமீட்டர் அறுகோண முனையை ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். உலகம் முழுக்க அதே அளவு. சில நிறுவனங்கள் தட்டையான, தங்களுக்கே உரிய முனைகளை வைத்திருக்கும். ஒரு முனை தேய்ந்தால் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

கத்தியின் எஃகைப் பற்றி முடிவில்லாமல் விவாதம் நடக்கும். பாக்கெட்டுக்குத் தேவையான அளவில் சொல்கிறேன். டி2 என்ற எஃகு வகை கூர்மையை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் அது முழுமையான துருப்பிடிக்காத எஃகு இல்லை. வியர்வை படும் பாக்கெட்டில் புள்ளி விழும். 14சி28என் துருவைத் தாங்கும், தீட்டுவதும் சுலபம். எஸ்30வி நீண்ட நாள் கூராக இருக்கும், தீட்டுவதற்கு வைரக்கல் இருந்தால் நல்லது. தீட்டும் பழக்கம் இல்லாதவருக்கு உயர்ந்த எஃகு பெரிய லாபம் தராது. எதுவானாலும் ஒரு நாள் மழுங்கும். கூர்மையைவிட முதலில் பார்க்க வேண்டியது பூட்டு. திறந்த கத்தியின் முதுகை, விரல்கள் மடக்கும் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, மரப்பலகையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மடங்கினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். 1890இல் தொடங்கிய ஓப்பினெல்லின் மரக்கைப்பிடிக் கத்தியில் வெறும் உலோக வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். 1955இல் வந்த அந்த ஏற்பாட்டைவிட எளிதாகப் புரியும் பூட்டை நான் பார்த்ததில்லை.

பாக்கெட் விளிம்பில் மாட்டும் கிளிப்பை யாரும் கவனிப்பதில்லை. கைப்பிடி சொரசொரப்பாக இருந்து, கிளிப் அதன்மேல் இறுக்கமாக அழுத்தினால், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் துணி அராவப்படும். சில மாதங்களில் பாக்கெட் விளிம்பு நைந்துவிடும். கிளிப்புக்கு அடியில் வழவழப்பாக இருக்கும் மாடலே நல்லது. கிளிப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் பெரும்பாலும் டி6 அல்லது டி8 டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) அளவு. வாங்கிய வாரமே ஒவ்வொன்றையும் கழற்றி, நீல நிறத் திருகுப் பசையை ஒரு சொட்டு வைத்து முடுக்கிவிடுங்கள். சிவப்புப் பசை வேண்டாம், பிறகு சூடாக்கினால்தான் கழலும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் தக்க காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடியது, அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தி மட்டும்தான். அங்கே பூட்டு என்ற பாதுகாப்பு அம்சமே பிரச்சினையாகிவிடும். விமானத்தின் கைப்பையில் கத்தி போகாது. அடிக்கடி பறக்கிறவருக்குக் கத்தி அலகே இல்லாத சாவிக்கொத்துக் கருவியைத்தான் நான் தேடித் தருகிறேன். அதையும் சோதனை அதிகாரி வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான், ஆகவே மனசுக்கு நெருக்கமானதை விமான நிலையத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

டைட்டானியம் என்றாலே ஓர் ஈர்ப்பு இருக்கிறது. எஃகின் எடையில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம், துருப்பிடிக்காது. சாவி வளையத்துக்கும் டார்ச் உடம்புக்கும் அருமை. வெட்டும் விளிம்புக்கு அது மென்மையானது. டைட்டானியத்தோடு டைட்டானியம் திருகும் இடங்களில் மரைகள் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும்.

சாவி தேடும் ட்ராக்கர்களில் பல சிஆர்2032 நாணய பேட்டரியில் ஓடுகின்றன. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எங்கும் கிடைக்கும், மாற்றுவது எளிது. ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் மிகுந்த கவனம் வேண்டும். விழுங்கிய நாணய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். மூடி திருகோடு வரும் ட்ராக்கரையோ, இரண்டு அசைவில் மட்டும் திறக்கும் ட்ராக்கரையோதான் நான் வாங்கச் சொல்வேன். குழந்தை வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்று கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் வருகின்றன. சில ட்ராக்கர்களில் அந்தப் பூச்சு இணைப்பைத் தடுத்து வேலை செய்யாமல் போகலாம், அப்போது வேறு பிராண்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பேனாவை ரீஃபிலைப் பார்த்து வாங்குங்கள். பார்க்கர் வகை என்று எல்லோரும் சொல்லும் ஜி2 ரீஃபில் சுமார் 98 மில்லிமீட்டர். டி1 என்ற சின்ன ரீஃபில் 67 மில்லிமீட்டர். இந்த இரண்டில் ஒன்றை ஏற்கும் பேனாவுக்கு மையே தீராது; பந்துமுனை, ஜெல் என்று பல நிறுவனங்கள் அதே அளவில் தருகின்றன. ஃபிஷர் ஸ்பேஸ் பேனாவின் ரீஃபில் உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருப்பதால் தலைகீழாகவும், ஈரக் காகிதத்திலும் எழுதும். 1968இல் அப்போலோ 7இல் விண்வெளிக்குப் போன பேனா அது. அந்த ரீஃபிலும் சின்னப் பிளாஸ்டிக் மூடியோடு வருகிறது. அதைச் செருகினால் பார்க்கர் வகைப் பேனாவிலும் பொருந்தும். படுத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இதை மனமாரச் சொல்வேன்.

பென்டிரைவ் வந்தவுடன் முழுக் கொள்ளளவையும் எழுதிப் பார்க்கும் இலவச மென்பொருளில், உதாரணமாக எஃப்3இல், சோதித்துவிடுங்கள். 1 டெராபைட் என்று காட்டிவிட்டு உள்ளே சில கிகாபைட் மட்டும் இருக்கும் போலிகள் நிறைய உலவுகின்றன. கோப்பு தொலைந்த பிறகுதான் தெரியும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டி, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களிடம் போவேன். பொருளைப் பிடித்திருக்கிறது, குறையும் தெரிந்திருக்கிறது என்ற ஆள்கள் அங்கேதான் இருக்கிறார்கள். "ஆறு மாதம் கழித்து" என்று தொடங்கும் விமர்சனம் ஒன்று கிடைத்தால் பெட்டியைத் திறந்த அன்றே எழுதிய பலவற்றுக்குச் சமம். உள்ளங்கையில் வைத்து எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது.

பொருள் வந்ததும் திருப்பி அனுப்பும் காலத்துக்குள் அதைக் கடுமையாக வேலை வாங்குங்கள். டார்ச்சை அரை மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டுப் பாருங்கள். சி டு சி கேபிளில் மாட்டுங்கள். கத்தி மூடும்போது அலகு நடுவில் நிற்கிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். பவர் பேங்க் முழுதாக ஒரு முறை வற்றட்டும். பேனாவில் வேறு ரீஃபிலைப் போட்டு எழுதுங்கள். பில்லைப் போனில் படம் பிடித்து, கருவியின் பெயரிலேயே சேமித்து வையுங்கள். லெதர்மேன் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது, வெப்பத்தாளில் அச்சடித்த பில்லில் எழுத்து அவ்வளவு காலம் நிற்காது.

பரிசாகக் கொடுப்பதென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்து உள்ளே போட்டு, ஒரு ரீஃபிலோ ஒரு ஸ்பிரிங்கோ கூடுதலாக வைத்து, எப்படி அணைத்துப் பூட்டுவது என்று ஒரு தடவை கையில் செய்து காட்டிக் கொடுங்கள்.